சென்னையிலேர்ந்து சிக்கிம் 8 நாள் குரூப் டூர்: சாப்பாடு அருமை, ஆனா ராஜ்ஜியத்தை நாங்களாத்தான் தேடிப் போய்ப் பாத்தோம்

மார்ச் கடைசி வாரத்துல அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கிட்டு சிக்கிம் போயிட்டு வந்தேன், 7 ராத்திரி 8 பகல், மேற்கு மாம்பலம் பக்கம் ஆபீஸ் வெச்சிருக்கற ஒரு டூர்க்காரங்க மூலமா. கம்பெனி பேரை இங்க போடல. நான் சொல்லப்போற குறை அவங்ககிட்ட மட்டும் இருக்கறது இல்ல, கிளம்பறதுக்கு முன்னாடி நாலு இடத்துல நோட்டீஸ் வாங்கிப் பாத்தேன், நாலுலயும் அதே ஊரு, அதே பாயிண்ட், அதே வரிசைதான் இருந்துச்சு. வீட்ல பெரியவங்களைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போகணும்னு நினைக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு விவரமாவே எழுதறேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். சாப்பாடு. மொத்தம் 24 பேரு, எல்லாரும் சென்னைதான், நங்கநல்லூர், பெரம்பூர், அண்ணா நகர்னு. கூடவே சமையல்கார அண்ணா ஒருத்தரும் கைக்கு ஒரு பையனும் வந்தாங்க, பாத்திரம், அரிசி, பருப்பு, புளி, மிளகாய்ப்பொடி எல்லாம் இங்கேர்ந்தே மூட்டை கட்டி. காலையில பொங்கல், ராத்திரி அந்தக் குளிர்ல கொதிக்கக் கொதிக்க மிளகு ரசம், எங்க சித்திக்கு வெளிச் சாப்பாடு சுத்தமா ஒத்துக்காது, 8 நாளும் ஒரு மாத்திரை கூடப் போடாம வந்தாங்கன்னா அது அந்த அண்ணா கை பக்குவம்தான். ரூமும் பரவால்ல, மேற்கு சிக்கிம்ல பெல்லிங்ங்கற ஊர்ல மட்டும் கீசர் ஒரு நாள் வேலை செய்யல, பக்கெட்ல வெந்நீர் கொண்டுவந்து குடுத்துட்டாங்க. கூட வந்த மேனேஜர் தம்பி அம்மா பையை ஒரு இடத்துல கூட அவங்களைத் தூக்க விடல. இதுல எல்லாம் எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல.

பாக்டோக்ராவுல இறங்கி கேங்டாக் போக அஞ்சு மணி நேரம் ஆச்சு, தீஸ்தா ஆறு பக்கத்துலயே வருது, ரங்போல மாநில எல்லை. 24 பேரையும் இன்னோவா, சுமோன்னு பிரிச்சு உக்கார வெச்சுட்டாங்க, அந்த மலை ரோட்டுல பெரிய பஸ் சரிப்படாது. எங்க வண்டி ஓட்டினவரு அந்த ஊருக்காரரு, அறுபதை நெருங்கற வயசு, அங்க டிரைவரை எல்லாரும் தாஜுன்னுதான் கூப்பிடறாங்க, நேபாளியில அண்ணன்னு அர்த்தம். நான் ரெண்டு வருஷம் நாக்பூர்ல வேலை பாத்ததால ஹிந்தி வரும், அதனால அவரு பேசறதை அம்மாவுக்கும் சித்திக்கும் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன்.

அடுத்த நாள் கேங்டாக்ல மேடான ஒரு ரோட்டுல போறப்போ ஒரு பெரிய கேட்டு, உள்ள மரங்களுக்கு நடுவுல ஒரு கட்டடம், மேனேஜர் தம்பி "அது அரண்மனைம்மா, உள்ள விடமாட்டாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பாயிண்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்னு ஆரம்பிச்சுட்டாரு. அம்மா விடல. "அரண்மனைன்னா ராஜா யாரு தம்பி, இப்போ எங்க இருக்காரு?"ன்னு கேட்டாங்க. அவருக்குத் தெரியல, அது பழைய கதைம்மான்னு சொல்லி முடிச்சுட்டாரு. தமிழ் தெரியாட்டியும் ராஜாங்கற வார்த்தை தாஜு காதுல விழுந்துருச்சு போல, கண்ணாடியில எங்களைப் பாத்து "சோக்யால்"னு ஒரே வார்த்தை சொன்னாரு. எங்களுக்கு டூர் ஆரம்பிச்சது அந்த இடத்துலதான்.

சோக்யால்னா தர்மராஜா. 1642லேர்ந்து 1975 வரைக்கும் 333 வருஷம், நம்கியால் வம்சத்துல 12 பேரு சோக்யாலா இருந்திருக்காங்க. பௌத்தம்தான் ராஜ்ஜியத்தோட ஆதாரம், ராஜா நாட்டையும் காக்கணும் தர்மத்தையும் காக்கணும். நாடுன்னு சொன்னாலும் பரப்பளவு 7,096 சதுர கிலோமீட்டர்தான், 2011 கணக்குப்படி ஜனத்தொகை 6 லட்சத்துச் சொச்சம், அதே கணக்குல சென்னை ஒண்ணே 46 லட்சம். ஒரு பக்கம் நேபாளம், ஒரு பக்கம் திபெத், ஒரு பக்கம் பூட்டான், கீழ பிரிட்டிஷ்காரன். இத்தனை பேருக்கு நடுவுல இவ்வளவு சின்ன ராஜ்ஜியம் எப்படித்தான் 333 வருஷம் தாங்குச்சுங்கற கேள்வி எனக்கு அன்னிக்குப் புடிச்சது, இன்னும் விடல. தாஜு சொன்ன ஒண்ணு வேற மனசுலயே நின்னுடுச்சு. "எங்க அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது வேற நாட்டுல, நான் பொறந்ததும் வேற நாட்டுல, ஆனா வீடு அதே வீடுதான்"னாரு.

இப்போ முதல் குறை. நாதுலா கணவாய் எங்க பேக்கேஜ்ல இருந்துச்சு, சீனா எல்லைங்கறதால பலர் அதுக்காகவே பேர் குடுத்தவங்க. ஆனா திங்கள், செவ்வாய் அங்க டூரிஸ்ட்டை விடமாட்டாங்க, எங்களுக்கு நாள் போட்டிருந்தது செவ்வாய்க்கிழமை! வருஷா வருஷம் குரூப் கூட்டிட்டு வர்றவங்களுக்கு இது தெரியாம இருக்கலாமா? 12,000 அடிக்கு மேல இருக்கற சோங்மோ ஏரி வரைக்கும் போய் யாக்கைப் பாத்துட்டு மத்தியானமே திரும்பிட்டோம். சிலர் ரொம்ப வருத்தப்பட்டாங்க, நியாயம்தான். தேதி போடும்போதே எந்தக் கிழமை நாதுலான்னு கேட்டுக்கோங்க, பெர்மிட்டுக்கு அடையாள அட்டையும் போட்டோவும் கையிலயே இருக்கட்டும்.

அன்னிக்கு மிச்சமிருந்த ரெண்டு மணி நேரத்துல மத்தவங்க எம்.ஜி. மார்க்ல ஷாப்பிங் போனாங்க, தாஜு எங்க மூணு பேரை மட்டும் தேவ்ராலில இருக்கற நம்கியால் திபெத்தியல் நிறுவனத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. 1957ல தலாய் லாமா அடிக்கல் நாட்டி 1958ல நேரு திறந்து வெச்சது. பழைய ஏட்டுச்சுவடி, துணியில வரையற தங்கா ஓவியம், சிலைகள்னு சின்ன இடம்தான், ஆனா ஒரு மணி நேரம் போனதே தெரியல. அங்க வெளிப் படிக்கட்டுல உக்காந்துதான் தாஜு ஆரம்பக் கதையைச் சொன்னாரு. திபெத்துல காம் பகுதியிலேர்ந்து வந்த கே பும்சாங்கற தலைவருக்குக் குழந்தை இல்ல, அந்த மண்ணோட பூர்வகுடியான லெப்சா ஜனங்களோட பெரியவரு தெகோங் தெக்கிட்ட வந்து ஆசி கேக்கறாரு, மூணு புள்ளை பொறக்குது, அப்புறம் ரெண்டு பேரும் ரத்த சகோதரர்களா இருப்போம்னு காபி லுங்சோக்னு ஒரு இடத்துல சத்தியம் பண்ணிக்கறாங்க, காஞ்சன்ஜங்கா மலைதான் சாட்சி. இன்னிக்கும் பாங் லாப்சோல்னு திருவிழா எடுத்து மலைக்கும் அந்தச் சத்தியத்துக்கும் பூஜை பண்றாங்க. அந்த பும்சா வம்சத்துல வந்தவருதான் முதல் சோக்யால். அம்மா கேட்டுட்டு "நம்ம ஊர்ல திருவண்ணாமலை மாதிரி, மலையே சாமி"ன்னாங்க, பௌர்ணமிக்கு கிரிவலம் போறவங்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்ல.

மேற்கு சிக்கிம் வந்தப்புறம்தான் ரெண்டாவது குறை, பெரிய குறை. பெல்லிங்ல ரெண்டு ராத்திரி. நிகழ்ச்சி நிரல்ல அருவி, ஸ்கைவாக், தொங்கு பாலம், கடைசியில "லோக்கல் சைட்சீயிங்". அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள பெமயாங்ட்சே மடத்தையும் ரப்தென்ட்சே கோட்டையையும் அரை அரை மணி நேரம்னு அடக்கி வெச்சிருந்தாங்க. யுக்சோம் லிஸ்ட்லயே இல்ல. ராஜ்ஜியம் பொறந்த ஊரு, பெல்லிங்லேர்ந்து ரெண்டு மணி நேரத்துல போயிடலாம், அது இல்ல! நான் மேனேஜர் தம்பிகிட்ட கேட்டேன், ஆபீஸ்ல கேக்கணும்னாரு, ஆபீஸ்ல குரூப்பைப் பிரிக்க முடியாதுன்னுட்டாங்க, கடைசியில நாங்க மூணு பேரும் பெரம்பூர் மாமா மாமியும் ஆளுக்கு 1,200 தனியாப் போட்டு தாஜு வண்டியிலயே ஒரு நாள் பிரிஞ்சு போயிட்டோம். என் காசுக்கு அந்த மொத்த டூர்லயே அந்த 1,200தான் உருப்படியா செலவாச்சு.

யுக்சோம்னா மூணு லாமாக்கள் கூடின இடம்னு அர்த்தம். வடக்கேர்ந்து லாட்சுன் சென்போ, மேற்கேர்ந்தும் தெற்கேர்ந்தும் இன்னும் ரெண்டு பேரு, மூணு பேரும் இங்க சந்திக்கறாங்க, நாலாவது திசையான கிழக்குலேர்ந்து புன்ட்சோக்னு பேர் உள்ள ஒருத்தன்தான் ராஜாவாகணும்னு, திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோன குரு பத்மசம்பவரோட வாக்கு இருக்குன்னு ஆளைத் தேடி அனுப்பறாங்க. தேடிப் போனவங்க கண்ணுல பட்டப்போ அவரு மாடு கறந்துக்கிட்டு இருந்தாருன்னு சொல்றாங்க. அவரைக் கூட்டிட்டு வந்து 1642ல முடிசூட்டியிருக்காங்க. நோர்புகாங்னு அந்த இடம், நல்ல காட்டுக்குள்ள, பெரிய மரம் ஒண்ணு, அதுக்குக் கீழ கல்லால கட்டின மேடை, நாலு இருக்கை, மூணு லாமாவுக்கும் ராஜாவுக்கும். எதிர்ல வெள்ளை ஸ்தூபி, பக்கத்துல ஒரு பாறையில லாமாவோட காலடித்தடம். தங்கமோ வெள்ளியோ எதுவுமே இல்ல, பாசி புடிச்ச கல்லுதான். சிம்மாசனம்னா பெரிசா எதையோ நினைச்சு வந்த மாமா அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே பேசல, செருப்பைக் கழட்டிட்டுப் போய் கும்பிட்டாரு. வருஷத்தைக் கேட்டதும் எனக்குத் தோணினது நம்ம ஊருதான். 1639ல நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பிரான்சிஸ் டேக்கு கடற்கரையோரம் ஒரு துண்டு நிலம் குடுத்தாரு, சென்னை ஆரம்பிச்சுது. சரியா மூணு வருஷம் கழிச்சு மலை மேல இந்தக் கல்லுல ஒரு ராஜா உக்காந்திருக்காரு. அந்தக் கம்பெனிக்காரனே ரெண்டு நூறு வருஷத்துல இவங்க வாசலுக்கும் வரப்போறான்னு அங்க யாருக்குத் தெரியும்.

திரும்பற வழியில ரப்தென்ட்சே. ரெண்டாவது சோக்யால் தென்சுங் நம்கியால் 1670ல தலைநகரை யுக்சோம்லேர்ந்து இங்க மாத்தினாரு. கேட்டுலேர்ந்து காட்டு வழியா ரெண்டு கிலோமீட்டர் கிட்ட நடக்கணும், ஏத்தம் இறக்கம் உண்டு, முட்டி வலி இருக்கறவங்க தடி எடுத்துக்கோங்க, அம்மா மூணு இடத்துல உக்காந்து உக்காந்து வந்தாங்க. மேல போனா அரண்மனையோட அடிச்சுவர் மட்டும்தான் இருக்கு, தொல்லியல் துறை புல்லு வெட்டி நல்லா வெச்சிருக்காங்க, தீர்ப்பு சொல்ற இடம்னு நட்டு வெச்ச கல்லு, மூணு ஸ்தூபி. ஸ்தூபிக்கு முன்னாடி நின்னா நேரா காஞ்சன்ஜங்கா. அம்மாவுக்குப் பொறந்த ஊரு ஜெயங்கொண்டம், பாத்ததுமே "மாளிகைமேடு மாதிரியே இருக்குடி"ன்னாங்க. கங்கைகொண்ட சோழபுரத்துல ராஜேந்திரன் அரண்மனை இருந்த இடத்துல இப்போ செங்கல் அடித்தளம்தானே மிச்சம், அம்மா சின்ன வயசுல அங்க விளையாடினவங்க. இதைத்தான் அரை மணி நேரத்துல பாத்துட்டுக் கிளம்புங்கன்னு போட்டிருந்தாங்க. நாங்க ரெண்டு மணி நேரம் இருந்தோம்.

அந்தச் சுவர் நடுவுல கேட்ட கதை சித்தியைக் கலக்கிருச்சு. மூணாவது சோக்யால் சக்தோர் நம்கியால் 1700ல பட்டத்துக்கு வர்றப்போ சின்னப் பையன். அப்பாவோட பூட்டான்கார மனைவிக்குப் பொறந்த அக்கா பெண்டே ஓங்மு, பட்டம் தனக்குத்தான்னு பூட்டான் படையை வரவழைக்கறா. பையனை லாசாவுக்குக் கொண்டுபோய்க் காப்பாத்தறாங்க, அங்கயே படிச்சு வளர்ந்து திரும்பி வந்து மறுபடி ஆள்றாரு, லெப்சா மொழிக்கு எழுத்து உண்டாக்கினவரு இவருதான்னு சொல்றாங்க, மடத்துல ஆடற முகமூடி நடனத்தையும் இவரு பேர்லதான் சொல்றாங்க. கடைசியில 1717ல, வைத்தியத்துக்கு ரத்தம் எடுக்கறேன்னு சொல்லி அக்காவோட ஏற்பாட்டுல வைத்தியனே நரம்பை வெட்டிக் கொன்னுட்டான். அப்புறம் அந்த அக்காவையும் பட்டுத் துணியால கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டாங்க. அப்புறம் 1780கள் கடைசியில நேபாளத்து கூர்க்கா படை வந்து இந்த ஊரையே சூறையாடுச்சு, அப்போ இருந்த சோக்யால் திபெத்துக்கு ஓடிப்போய் 1793ல அங்கயே செத்துப்போனாரு. எல்லை பக்கத்துலயே இருக்குன்னு 1814ல தலைநகரை தும்லோங்குக்கு மாத்திட்டாங்க, 1894லதான் கேங்டாக்.

பெமயாங்ட்சே மடம் பக்கத்துலயே. சோக்யாலுக்குப் பட்டம் கட்டறப்போ புனித நீர் தெளிக்கற உரிமை இந்த மடத்து லாமாக்களுக்குத்தான். மேல் மாடியில மரத்துல செஞ்ச ஏழு அடுக்கு கோபுரம் ஒண்ணு இருக்கு, குரு பத்மசம்பவரோட சொர்க்கம், ஒரே ஒரு லாமா அஞ்சு வருஷம் உக்காந்து செஞ்சதாம். தேவதை, மிருகம், வானவில்னு ஒவ்வொரு அடுக்கையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம், போட்டோ எடுக்கக் கூடாது. அதுவும் நல்லதுதான், எல்லாரும் கண்ணால பாத்தாங்க.

மறுநாள் விடியக்காலம் ரூம் பால்கனியிலேர்ந்தே காஞ்சன்ஜங்கா தெரிஞ்சுது, 8,586 மீட்டர், முதல்ல ரோஸ் கலரு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. 1955ல முதல்முதலா இதுல ஏறின பிரிட்டிஷ்காரங்க ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி இருக்கறப்பவே நின்னுட்டாங்க, உச்சியில கால் வைக்க மாட்டோம்னு சிக்கிம் ராஜாவுக்கு வாக்கு குடுத்திருந்தாங்க. அவங்க ஏறினது நேபாளப் பக்கமா, யாரும் பாக்கப் போறதில்ல, அப்படியும் வாக்கைக் காப்பாத்தினாங்க. பால்கனியில இதைச் சொன்னதும் பக்கத்து ரூம்ல இருந்த நாலு பேரும் வந்துட்டாங்க. ஜனங்களுக்கு ஆர்வம் இல்லன்னு டூர்க்காரங்க நினைக்கறது தப்பு. சொல்றவங்க இருந்தா கேக்கறவங்க இருக்காங்க.

கடைசி ரெண்டு நாள் டார்ஜிலிங். டைகர் ஹில், பொம்மை ரயில், டீ எஸ்டேட் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. ஆனா டார்ஜிலிங்கே சிக்கிம் ராஜாவோடதா இருந்துச்சுன்னு ஒரு வாய் யாரும் சொல்லல. கூர்க்கா புடிச்சுவெச்ச நிலத்துல கொஞ்சத்தை 1817ல தித்தாலியா ஒப்பந்தத்துல பிரிட்டிஷ்காரன் வாங்கித் திருப்பிக் குடுத்தான், அந்த உதவிக்கு அப்புறம் 1835ல, உடம்பு சரியில்லாத எங்க அதிகாரிகள் தங்க குளிர்ச்சியான இடம் வேணும்னு கேட்டு டார்ஜிலிங்கை எழுதி வாங்கிட்டான். சோக்யால் நட்புக்காகக் குடுத்தாரு. 1841லேர்ந்து வருஷம் 3,000 ரூபா, அப்புறம் 6,000. 1849ல ரெண்டு வெள்ளைக்காரங்களைப் புடிச்சு வெச்சதுக்கு அந்தப் பணத்தையும் நிறுத்தி, கீழ்ப் பக்கத்து நிலத்தையும் எடுத்துக்கிட்டான். 1861ல தும்லோங் ஒப்பந்தம், அதோட சுதந்திரம் பேருக்குத்தான். சென்னைக்காரங்க நமக்கு இந்தக் கதை புதுசா என்ன, ஒரு துண்டு நிலம்னு ஆரம்பிச்சு என்னாச்சுன்னு ஜார்ஜ் கோட்டையைப் பாத்தாலே தெரியுமே. டார்ஜிலிங் மால்ல நின்னுக்கிட்டு நான் அதைத்தான் நினைச்சேன்.

1975ல சிக்கிம் இந்தியாவோட சேந்ததைப் பத்தி தாஜுகிட்ட கடைசி நாள்தான் கேட்டேன், கேக்கலாமா வேண்டாமான்னு தயக்கம். அவரு நிதானமாவே பேசினாரு. 1950 ஒப்பந்தப்படி ராணுவம், வெளியுறவு எல்லாம் இந்தியா கையில. ஜனத்தொகையில நேபாளி பேசறவங்கதான் அதிகம், ஆனா கவுன்சில்ல பூட்டியா (திபெத்துலேர்ந்து வந்தவங்க வம்சம்), லெப்சாவுக்குச் சமமான இடம்தான் அவங்களுக்கு, அந்தக் கோவம் 1973ல கலவரமாச்சு. 1974 தேர்தல்ல ராஜா ஆட்சியை எதிர்த்த தலைவர் காசி லெண்டுப் தோர்ஜி கட்சி 32ல 31 ஜெயிச்சுது. 1975 ஏப்ரல்ல இந்திய ராணுவம் அரண்மனைக் காவல்படைகிட்டேர்ந்து ஆயுதத்தை வாங்கிடுச்சு, ஒரு காவலர் செத்துப்போனாரு, சில நாள்லயே ஏப்ரல் 14 வாக்கெடுப்பு, இந்தியாவோட சேர 59,637 ஓட்டு, எதிர்த்து 1,496. மே 16 சிக்கிம் 22வது மாநிலம். கடைசி சோக்யால் பால்டன் தொண்டுப் நம்கியால் ஹேம் ரேடியோவுல உலகம் பூரா பேசற ஆளு, 1963ல ஹோப் குக்னு ஒரு அமெரிக்கப் பொண்ணைக் கட்டினாரு, அவங்க 1973லயே போயிட்டாங்க, இவரு 1982ல நியூயார்க்ல கேன்சர்ல காலமானாரு. ராணுவம் நிக்கறப்போ நடந்த வாக்கெடுப்பு சரியான்னு கேக்கறவங்களும் உண்டு, ராஜா ஆட்சியில எங்களுக்கு என்ன கெடைச்சுதுன்னு கேக்கறவங்களும் உண்டு, எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டும் உண்டுன்னாரு. எனக்கும் ஒரே பக்கமா நிக்க முடியல. ஓட்டு எண்ணிக்கையைப் பாத்தா ஜனங்க மனசு தெரியுது, துப்பாக்கியைப் பாத்தா அந்த ராஜாவை நினைச்சு வருத்தமா இருக்கு. இன்னிக்கும் சட்டசபையில 32ல ஒரு இடம் மடங்களுக்குன்னே இருக்கு, லாமாக்கள்தான் ஓட்டுப் போடுவாங்க, அது ஒண்ணு அந்தக் காலத்துலேர்ந்து தொடர்ந்து வருது.

ஊருக்கு வந்ததும் மாம்பலம் ஆபீஸ்ல போய் நேர்ல சொன்னேன், எழுதியும் குடுத்தேன். பொறுமையாக் கேட்டாங்க, நாதுலா தேதிக்கு மன்னிப்பு கேட்டு கொஞ்சம் பணமும் திருப்பிக் குடுத்தாங்க. ஆளுக்கு ஃப்ளைட்டோட 46,000 ஆச்சு, சாப்பாட்டுக்கும் பெரியவங்களைப் பாத்துக்கிட்டதுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, திட்டம் போட்ட விதத்துக்கு ரெண்டுதான் குடுப்பேன். இவங்களோடயே போகலாமான்னு கேட்டா போகலாம், ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி பெல்லிங்ல மூணு ராத்திரி குடுங்க, யுக்சோம் ஒரு முழு நாள், ரப்தென்ட்சேவும் பெமயாங்ட்சேவும் சேத்து அரை நாள் வேணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வேணும்னா அருவியில ஒண்ணு ரெண்டைக் குறைச்சுக்கலாம். தாஷிடிங் மடமும் அந்த வழிதான், எங்களால முடியல. முட்டி வலிக்காரங்க ரப்தென்ட்சேக்கு காலையிலயே போங்க, மத்தியானத்துக்கு மேல மேகம் வந்து மலையை மூடிடுது.